கோல் போடாத டிஃபென்ஸ்மேனை எப்படி எடைபோடுவது?

வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2024 ஜூனில் லாஸ் வேகஸில் நடந்த டிராஃப்ட்டில் டொரோண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி, முதல் சுற்றில் பென் டான்ஃபோர்ட் என்ற 18 வயதுப் பையனை எடுத்தது. ஒஷாவா ஜெனரல்ஸ் என்ற ஜூனியர் அணியின் டிஃபென்ஸ்மேன், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர். அந்தப் பருவத்தில் அவருடைய கணக்கு 64 ஆட்டம், 1 கோல், 32 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்). எங்கள் வாட்ஸப் குழுவில் அன்று ராத்திரியே சண்டை ஆரம்பித்துவிட்டது. "ஒரே ஒரு கோல் போட்டவனுக்கா முதல் ரவுண்டு? அதுவும் கையில் இருந்த 23-ஆவது இடத்தை அனஹைமுக்குக் கொடுத்துவிட்டு 31-க்கு இறங்கி வந்து?" என்று ஒரு நண்பர் கொதித்தார். அப்படி இறங்கியதில் 58-ஆவது இடமும் கூடவே கிடைத்தது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை.

எனக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாங்கள் இருப்பது டொரோண்டோவுக்குக் கிழக்கே உள்ள விட்பியில். ஒஷாவா அரங்கம் காரில் கால் மணி நேரம். லீஃப்ஸ் ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் வாங்குகிற காசில் குடும்பத்தோடு ஜெனரல்ஸ் ஆட்டம் பார்த்துவிட்டு வரலாம். மகளும் பெண்கள் ஹாக்கியில் டிஃபென்ஸ் ஆடுகிறாள். அதனால் டிராஃப்ட்டுக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அந்தப் பையனை நேரில் நிறையவே பார்த்திருக்கிறோம். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான், ஒரு இளம் டிஃபென்ஸ்மேனை எங்கிருந்து, எதைக் கவனித்து மதிப்பிட வேண்டும் என்று எனக்கென்று ஒரு முறை உண்டானது. பிள்ளைகளை ஹாக்கிக்கு அனுப்பும் பெற்றோருக்கும், டிராஃப்ட் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் டிராஃப்ட் என்பதே எதை வாங்குகிறது என்று பார்த்துக்கொள்வோம். செப்டம்பர் 15-க்குள் 18 வயது ஆகும் பையன்கள் அந்த ஆண்டு டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறுகிறார்கள். 32 அணிகள், 7 சுற்று. எடுக்கப்பட்டவர் மறுநாளே என்.எச்.எல். ஆட்டக்காரர் ஆகிவிடுவதில்லை. அவரோடு ஒப்பந்தம் போடும் உரிமை மட்டும் அந்த அணிக்குக் கிடைக்கிறது. டான்ஃபோர்ட் தேர்வான காலத்து விதிப்படி, கனடிய ஜூனியர் லீக்கில் ஆடுபவர் என்றால் ஒப்பந்தம் போட இரண்டு வருடம் அவகாசம். அதே விதிப்படி, அப்படிப்பட்ட பையன் 18, 19 வயதில் ஒன்று என்.எச்.எல்.லிலேயே ஆட வேண்டும், இல்லையென்றால் பழைய ஜூனியர் அணிக்கே திரும்ப வேண்டும். நடுவில் இருக்கிற, என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலைத் தொழில்முறை லீக்கான ஏ.எச்.எல்.லில் விட்டுப் பழக்க முடியாது. ஆகவே ஒஷாவாவில் எடுத்த பையனை ஜூனியரிலேயே இன்னும் இரண்டு வருடம் பார்க்கலாம் என்பது எங்களுக்கு அன்றே தெரியும்.

அந்த இரண்டு வருடத்தில் என்ன பார்ப்பது? கோலையும் பாயின்டையும் (கோலும் அசிஸ்டும் சேர்ந்த கணக்கு) எண்ணிக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. இந்த விஷயத்தில் ஒஷாவா ஒரு விசித்திரமான ஊர். பாபி ஓர் இங்கேதான் ஜூனியர் ஆடினார். பிறகு பாஸ்டன் போய், 1968 முதல் 1975 வரை எட்டு வருடம் விடாமல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் கோப்பையை வாங்கினார். டிஃபென்ஸ்மேனாக இருந்துகொண்டே லீகின் மொத்தப் பாயின்ட் பட்டியலில் இரண்டு தடவை முதலிடம். அவருக்குப் பிறகு டிஃபென்ஸ்மேன் என்றாலே 'எத்தனை பாயின்ட்?' என்று கேட்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. நோரிஸ் கோப்பைக்கான ஓட்டிலும் அந்தப் பழக்கம் இன்றுவரை தெரிகிறது.

ஜூனியர் பாயின்டை நான் பெரிதாக நம்பாததற்குக் காரணம் பவர் பிளே. எதிரணியில் ஒருவர் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில், எதிரணிப் பகுதியின் எல்லையான ப்ளூ லைன் (நீலக் கோடு) நடுவில் நின்று பந்தி பரிமாறுவது போல பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) இடமும் வலமும் கொடுக்கிற வேலை ஒருவருக்குப் போகும். ஜூனியரில் அந்த வேலை கிடைத்த பையனுக்குப் பாயின்ட் கொட்டும். ஆனால் என்.எச்.எல். அணியின் முதல் பவர் பிளேயில் பெரும்பாலும் ஒரே ஒரு டிஃபென்ஸ்மேனுக்குத்தான் இடம். டொரோண்டோவில் அந்த இடத்தில் மார்கன் ரைலி வருடக்கணக்காக நின்றிருக்கிறார். ஜூனியரில் பவர் பிளே மன்னராக இருந்த பையன், மேலே போய் அந்த இடம் கிடைக்காதபோது வேறு என்ன வேலை செய்வான்? இதற்குப் பதில் தெரியாமல் பாயின்டை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. டான்ஃபோர்ட் விஷயத்தில் கேள்வி தலைகீழ். அவர் செய்யும் வேலை பாயின்ட் பட்டியலில் வராது. அதைப் பார்க்கத்தான் ரிங்குக்குப் போக வேண்டியிருந்தது.

எங்கே உட்காருவது என்பதிலிருந்தே மதிப்பீடு தொடங்குகிறது. நடு மைதானத்துக்கு நேரே, பனித்தளத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தடுப்பை ஒட்டிய இருக்கைதான் எல்லாருக்கும் ஆசை. டிஃபென்ஸ்மேனைப் பார்க்க அது உதவாது. கோலுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். ஆட்டம் இருபது நிமிடம் வீதம் மூன்று பீரியட். ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறும். உங்கள் ஆள் முதல் பீரியடில் காக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாவது பீரியடிலும் அவர் அங்கேதான் வருவார். ஆட்டத்தின் பெரும்பகுதி அவருடைய வேலை முழுக்கக் கண்ணெதிரே நடக்கும். டிவியில் இது கிடைக்காது. கேமரா பக்கைத்தான் துரத்தும். பக் இல்லாத இடத்தில் அவர் எங்கே நிற்கிறார், யாரைத் தோளால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது திரைக்கு வெளியே போய்விடும். ஒருவரைப் பற்றி யூடியூபில் வரும் துண்டுக் காட்சிகள் இன்னும் மோசம். அதில் இருப்பதெல்லாம் அவர் பக்கோடு செய்தவை மட்டுமே. ஒரு நல்ல டிஃபென்ஸ்மேன் ராத்திரி முழுக்க ஒன்றுமே நடக்கவிடாமல் தடுத்திருப்பார். அதை யார் வெட்டி ஒட்டி வீடியோ போடுவார்கள்?

உட்கார்ந்த பிறகு பக்கைப் பார்க்காமல் இருக்கப் பழக வேண்டும். இது சிரமம்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஷிஃப்ட் என்பது நாற்பது, ஐம்பது விநாடி. அவர் பெஞ்சிலிருந்து குதித்து இறங்கும் நொடியிலிருந்து திரும்பி ஏறும் வரை அவரை மட்டும் பாருங்கள். கோல் விழுந்து அரங்கமே எழுந்து நின்றாலும் அவர் அப்போது எங்கே இருந்தார் என்று பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அவருடைய கழுத்தை.

மகளின் பயிற்சியில் ஒரு விளையாட்டு உண்டு. கோச் பக்கை மூலைக்குத் தட்டிவிடுவார். பிள்ளை அதை எடுக்க முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும். பின்னாலிருந்து கோச் கையுறையைக் கழற்றிவிட்டு விரல்களை உயர்த்துவார். மூன்று விரலோ, ஒன்றோ, ஐந்தோ. பக்கைத் தொடுவதற்கு முன்னால் பிள்ளை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று கத்த வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. ஆரம்பத்தில் பிள்ளைகளின் கண் பக்கைவிட்டு நகராது. "ரெண்டு!" என்று குத்துமதிப்பாகக் கத்துவார்கள். சில மாதம் போனதும் கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பிக்கும். இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை, அப்புறம் பக்.

மேலே உள்ளவர்களுக்கும் இதே சங்கதிதான். எதிரணி பக்கை ஆழமாகத் தட்டிவிட்டு இரண்டு ஃபார்வர்டுகளை ஏவுகிறது. டிஃபென்ஸ்மேன் தன் கோலைப் பார்த்தபடி ஓடுகிறார். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், தன் கூட்டாளி எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் பக்கைத் தொடுவதற்கு முன்பே அவர் தலைக்குள் இருக்க வேண்டும். இருந்தால், தொட்ட கையோடு பக் கூட்டாளிக்குப் போய்விடும், அடி விழாது. இல்லாவிட்டால் பக்கை எடுத்து, நிமிர்ந்து, தேடி, அதற்குள் கண்ணாடியோடு நசுங்கிவிடுவார். இல்லையென்றால் பயத்தில் கண்ணாடி மேல் அடித்து வெளியே தள்ளுவார், பக் எதிரணிக்கே திரும்பிப் போகும். கண்ணாடி மேல் அடிப்பது சில நேரம் சரியான முடிவுதான், அதைக் குறை சொல்லவில்லை. வேறு வழி இருக்கும்போதும் ஒருவர் அதையே செய்துகொண்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஒஷாவாவில் மகளோடு உட்கார்ந்து டான்ஃபோர்டிடம் முதலில் பார்த்தது இதைத்தான். "அப்பா, ரெண்டு தடவை பாத்துட்டாரு!" என்று அவள் சொல்வாள். அவள் சொன்ன பிறகுதான் பல சமயம் நானே கவனிப்பேன். என் நோட்டில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. பக்கை எடுத்தது நல்ல பாஸாக முடிந்ததா, கண்ணாடி மேல் போனதா, பறிபோனதா என்று மூன்று பத்தி. ஆட்டம் முடிந்து அந்தப் பத்திகளைப் பார்த்தால், அவருக்குப் பாயின்ட் எதுவும் விழாத ராத்திரிகளிலும் முதல் பத்திதான் நீளமாக இருந்தது. அவருக்கு வலக்கை ஷாட் என்பதும் இங்கே சேர்கிறது. என்.எச்.எல்.லில் இடக்கை டிஃபென்ஸ்மேன்களே அதிகம். வலது ஓரத்தில் இடக்கைக்காரரை நிறுத்தினால் சுவரோரம் வரும் பக்கை ஸ்டிக்கின் பின்பக்கத்தால் வாங்கித் திருப்ப வேண்டியிருக்கும். அதில் அரை விநாடி போய்விடும். அந்த அரை விநாடிக்காகத்தான் அணிகள் நல்ல வலக்கைக்காரர்களைத் தேடி அலைகின்றன.

அடுத்தது இடைவெளி. எதிரணி ஃபார்வர்ட் பக்கோடு வேகமாக வருகிறார். டிஃபென்ஸ்மேன் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? ஸ்டிக்கை நீட்டினால் பக் எட்டிவிடும் அளவு நெருக்கமாகத் தன் பகுதியின் ப்ளூ லைனிலேயே எதிர்கொண்டால், வருபவருக்கு இரண்டே வழி. பக்கைத் தட்டிவிட்டுத் துரத்தலாம், அல்லது வேகத்தைக் குறைத்துத் திரும்பலாம். பயந்து பின்வாங்கிக்கொண்டே போனால் ப்ளூ லைனை இனாமாகக் கொடுத்த மாதிரி. வருபவர் உள்ளே வந்து, தலையை நிமிர்த்தி, ஆளைத் தேடி, நிதானமாகப் பாஸ் கொடுப்பார். நான் பிறந்த கோவில்பட்டியில் புல்தரை ஹாக்கி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஓரளவு பழகியதாக இருக்கும். அங்கேயும் பின்வரிசை ஆட்டக்காரர் ஆளை ஓரத்துக்கு ஒதுக்குவார். ஆனால் பனியில் பின்னோக்கிச் சறுக்கியபடியே இடுப்பைத் திறந்து முன்னோக்கித் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் பாதிப் பேர் மாட்டுவார்கள். ஒரு பக்கம் அழகாகத் திரும்புவார்கள், மறுபக்கம் கால் சிக்கும். எதிரணி கோச்சுகள் இதைக் கண்டுபிடித்துவிட்டால் ராத்திரி முழுக்க அந்தப் பக்கமே ஆளை அனுப்புவார்கள். உங்கள் ஆள் இரண்டு பக்கமும் எப்படித் திரும்புகிறார் என்று பாருங்கள்.

நோட்டில் இதற்கும் மூன்று பத்தி வைத்துக்கொள்ளலாம். ப்ளூ லைனிலேயே நிறுத்தினார், தட்டிவிட வைத்தார், பக்கோடு உள்ளே விட்டுவிட்டார். ஒரு ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு சில மாதக் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது பீரியடைத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கம் மாறுவதால் அந்த இருபது நிமிடம் மட்டும் டிஃபென்ஸ்மேன்களுக்குத் தங்கள் பெஞ்ச் தூரமாகிவிடும். களைத்தவர் பெஞ்சுக்குப் போக அதிக தூரம் சறுக்க வேண்டும். தவறான நேரத்தில் கிளம்பினால் எதிரணிக்கு இரண்டுக்கு ஒன்று என்று ஓட்டம் கிடைக்கும். கிளம்பாமல் மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடத்துக்கும் மேல் மூச்சிரைக்கத் தன் கோல் முன்னால் நிற்க வேண்டும். கால் கனத்த பிறகு ஒருவர் எப்படி நிற்கிறார் என்பதை அப்போது பாருங்கள். முழங்கால் நிமிர்ந்துவிடுகிறதா? ஸ்டிக் பனியைவிட்டு மேலே எழும்புகிறதா? ஆளைக் கையால் பிடிக்க ஆரம்பிக்கிறாரா? களைப்பிலும் ஸ்டிக் முனையைப் பாஸ் போகும் வழியில் தரையோடு வைத்திருப்பவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கோச் என்ன நினைக்கிறார் என்பதை அவர் பேட்டியில் தேட வேண்டாம். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசி ஒன்றரை நிமிடத்தில் யாரை இறக்குகிறார் என்று பாருங்கள். சொந்த அணிக்குப் பெனால்டி விழுந்ததும் யார் முதலில் போகிறார், எதிரணியின் நட்சத்திரம் இறங்கும்போதெல்லாம் யார் கூடவே இறங்குகிறார் என்று பாருங்கள். 2023-24 ஜெனரல்ஸ் அணியில் பெக்கட் செனக் இருந்தார். அதே டிராஃப்ட்டில் மூன்றாவதாக அனஹைம் எடுத்த பையன். கேலம் ரிட்சி இருந்தார், அவர் அதற்கு முந்தைய வருடம் கொலராடோவின் முதல் சுற்றுத் தேர்வு. அரங்கத்தின் கண்ணெல்லாம் அவர்கள் மேல். டான்ஃபோர்ட் இறங்கியது பெனால்டியைச் சமாளிக்க, ஷாட்டுக்குக் குறுக்கே விழ, எதிரணியின் பெரிய ஆட்களை மடக்க. அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் ஒஷாவா அணி ஒன்டாரியோ ஜூனியர் லீக்கின் இறுதிச்சுற்றுவரை போனது. இரண்டு தடவையும் ஒன்டாரியோவிலேயே உள்ள லண்டன் நகரின் நைட்ஸ் அணியிடம் தோற்றது, ஆட்டக் கணக்கில் 2024-இல் நாலுக்கு பூஜ்யம், 2025-இல் நாலுக்கு ஒன்று. லண்டன் பக்கம் ஈஸ்டன் கவன் ஆடினார், லீஃப்ஸின் 2023 முதல் சுற்றுத் தேர்வு. டொரோண்டோ ரசிகருக்குத் தன் அணியின் இரண்டு எதிர்காலங்களும் எதிரெதிரே நிற்கும் தொடர் அது. வழக்கமான பருவத்தின் பல மாதங்கள் சொல்லாததை பிளேஆஃப் இரண்டு வாரத்தில் சொல்லிவிடும். எதிரணி ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு வருவதால், பலவீனம் இருந்தால் ஒளிக்க முடியாது.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் 16 வயதுப் பையனும் 20 வயது இளைஞனும் ஒரே பனியில் நிற்கிறார்கள். ஆறடி மூன்றங்குலம் வளர்ந்த 18 வயதுப் பையன் மூலையில் எல்லாரையும் தள்ளிவிட்டுப் பக்கை எடுப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. மேலே போனால் எல்லாருமே அந்த அளவுதான். தள்ளாமல், நிற்கும் இடத்தாலும் ஸ்டிக்காலும் எத்தனை தடவை ஜெயிக்கிறான் என்பதைத் தனியாகப் பாருங்கள். மறுபக்கம் லேன் ஹட்சன். ஐந்தடி ஒன்பதங்குலம்தான். 2022-இல் மான்ட்ரியல் அவரை எடுத்தபோது 61 பேர் அவருக்கு முன்னால் போயிருந்தார்கள். 2024-25-இல் 60 அசிஸ்ட் கொடுத்து, அறிமுக டிஃபென்ஸ்மேன்களுக்கான லாரி மர்ஃபியின் சாதனையைச் சமன் செய்து, சிறந்த அறிமுக ஆட்டக்காரருக்கான கால்டர் கோப்பையையும் வாங்கிவிட்டார். அவரைத் தொடுவதற்குள் அவர் வேறு இடத்தில் இருப்பார்.

வயதையும் மாதக் கணக்கில் பாருங்கள். 2025 டிராஃப்ட்டில் முதல் ஆளாக நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்த மேத்யூ ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5. பதினோரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அவர் 2026 டிராஃப்ட்டுக்குப் போயிருப்பார். அதே டிராஃப்ட்டில் இருந்த வேறு சிலர் அவரைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவர்கள். அந்த வயதில் ஒரு வருடம் என்பது பெரிய விஷயம். அந்தப் பருவத்தில் உலக ஜூனியர் போட்டியில் காரை எலும்பு முறிந்து, தன் ஜூனியர் அணியான ஈரி ஆட்டர்ஸுக்காக 17 ஆட்டம்தான் ஆடினார். அப்படியும் முதலிடத்தில் சந்தேகம் எழவில்லை என்றால், அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்கள் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, அவர் சறுக்குவதைப் பார்த்தார்கள் என்றுதான் அர்த்தம்.

சரி, இவ்வளவும் பார்த்துவிட்டு எப்போது தீர்ப்புச் சொல்லலாம்? இங்கேதான் டொரோண்டோக்காரர்களிடம் எனக்கு வருத்தம். நாம் பையன்களுக்கு நேரமே கொடுப்பதில்லை. 2008 டிராஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முதல் ஐந்து வரை நாலு இடமும் டிஃபென்ஸ்மேன்கள். ட்ரூ டவுட்டி, ஸாக் பகோஷியன், அலெக்ஸ் பியட்ராஞ்சலோ, லூக் ஷென். ஷென்னை எடுக்க டொரோண்டோ இடம் மாற்றி மேலே ஏறி வந்தது. அந்த இலையுதிர் காலமே, 18 வயதில், அவரை லீஃப்ஸ் சட்டையில் இறக்கிவிட்டது. முதல் வருடமே 70 ஆட்டம். நல்ல பையன், தைரியமான பையன். ஆனால் பனியில் பெரியவர்களோடு தப்பிப் பிழைப்பதிலேயே அவருடைய வளரும் வருடங்கள் போய்விட்டன என்றுதான் எனக்குப் படுகிறது. 2012-இல் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள். பின்னாளில் டாம்பா பேயில் 2020, 2021 என்று இரண்டு ஸ்டான்லி கோப்பை (என்.எச்.எல். சாம்பியன் கோப்பை) வாங்கினார், ஆயிரம் ஆட்டத்தையும் தாண்டினார். அந்தப் பலனை அனுபவிக்க டொரோண்டோவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதே 2008-இல் 15-ஆவதாகப் போன எரிக் கார்ல்சன் மூன்று நோரிஸ் வாங்கினார். 38-ஆவதாகப் போன ரோமன் யோசி 2020-இல் நோரிஸ் வாங்கினார். இருவரும் எடுக்கப்பட்ட பிறகும் ஐரோப்பாவிலேயே ஆடிவிட்டு வந்தவர்கள். யோசி இரண்டு வருடம் சுவிட்சர்லாந்தின் பெர்னிலேயே இருந்தார், அப்புறம் ஒரு வருடம் ஏ.எச்.எல்.

2012 இன்னும் கண்ணைத் திறக்கும். முதல் பத்து இடத்தில் எட்டு டிஃபென்ஸ்மேன்கள். நாலாவதாகப் போன கிரிஃபின் ரைன்ஹார்ட்டுக்கு என்.எச்.எல்.லில் வாய்த்தது 37 ஆட்டம். ஐந்தாவதாக டொரோண்டோ எடுத்த ரைலி, முழங்கால் காயத்தால் டிராஃப்ட்டுக்கு முந்தைய பருவத்தின் பெரும்பகுதியை வெளியே உட்கார்ந்து கழித்தவர். அதே டிராஃப்ட்டில் 120-ஆவதாகக் கரோலினா எடுத்தது ஜேக்கப் ஸ்லாவினை. இன்று பக் இல்லாமல் காப்பதில் அவரைப் போல் யாரும் இல்லை என்பது என் அபிப்பிராயம். அடிக்காமல், பிடிக்காமல், ஸ்டிக்காலேயே காப்பார். நேர்மையான ஆட்டத்துக்குக் கொடுக்கும் லேடி பிங் கோப்பையை ஒரு டிஃபென்ஸ்மேன் இரண்டு தடவை வாங்குவது லேசுப்பட்ட காரியமா? டான்ஃபோர்ட் மாதிரி பையனைப் பார்க்கப் போகும் முன்னால் ஸ்லாவின் ஆடும் ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். எதைத் தேட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பாயின்ட் கொட்டுகிறவர்களுக்கும் இதே பொறுமை வேண்டியிருக்கிறது. எவன் பூஷார்ட் 2017-18-இல் லண்டனுக்காக 87 பாயின்ட் எடுத்தவர். எட்மன்டன் 2018-இல் பத்தாவதாக எடுத்தது. முதல் வருடம் ஏழு ஆட்டம் ஆடவிட்டு லண்டனுக்கே திருப்பி அனுப்பினார்கள். பத்து ஆட்டம் ஆகாதவரை அந்த வயதுப் பையனின் மூன்று வருட ஒப்பந்தம் ஓட ஆரம்பிக்காது என்பது விதி, அதனால்தான் இந்தக் கணக்கு. அப்புறம் ஏ.எச்.எல்., ஸ்வீடன் என்று சுற்றி, 2021-22-இல்தான் நிலையான இடம் கிடைத்தது. கேல் மக்கார் கூட 2017-இல் நாலாவதாக எடுக்கப்பட்ட பிறகு இரண்டு வருடம் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டுத்தான் கொலராடோவுக்கு வந்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆகவே என் கணக்கு இப்படி. டிராஃப்ட்டுக்குப் பிந்தைய முதல் வருடத்தில் பாயின்ட் குறைந்தாலும் கலங்க மாட்டேன். பெரும்பாலும் அந்த வருடம் அணி அவனிடம் வேறு ஒன்றைப் பழகச் சொல்லியிருக்கும். இரண்டாவது வருடத்தில், ஜூனியரில் அவன் ஆட்டத்தைத் தானே நடத்த வேண்டும். இறங்கியதும் பக் இவன் அணியிடமே இருக்க வேண்டும், எதிரணி இவன் பக்கம் வருவதையே தவிர்க்க வேண்டும். 19 வயதிலும் அது நடக்கவில்லை என்றால் கவலைப்படத் தொடங்குவேன். ஏ.எச்.எல்.லில் ஒன்றரை வருடம் ஆன பிறகுதான் இவர் யார் என்று வாய் திறந்து சொல்வேன். டான்ஃபோர்டைப் பற்றி இப்போதைக்கு நான் நம்புவது இது. இரு பக்கமும் நன்றாகத் திரும்புகிறார், கழுத்து வேலை செய்கிறது, ஷாட்டுக்கு முன்னால் பயமில்லாமல் போகிறார். என்.எச்.எல்.லில் டிஃபென்ஸ்மேன்களின் மூன்றாவது, அதாவது கடைசி ஜோடியில் ஆடி, பெனால்டி சமாளிக்கும் வேலையை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மேலே ஏற அவரால் முடியும். பக்கோடு அவர் காட்டும் தைரியம் இன்னும் வளர வேண்டும். திறந்த பனி முன்னால் இருக்கும்போது பாஸ் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார், தானே ஏறிப்போனால் நன்றாக இருக்கும். இதை அவர் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன்.

மகளின் அணிப் பெற்றோர் சிலர் கேட்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் பிள்ளையிடம் "ஏன் கோல் போடலை?" என்று கேட்காதீர்கள், முக்கியமாக டிஃபென்ஸ் ஆடும் பிள்ளையிடம். நாங்கள் கேட்பது, "அந்த நீலச் சட்டைப் பொண்ணு வேகமா வந்தாளே, அவளை எந்தப் பக்கம் ஒதுக்கினே?" அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தால் வீடு வரும்வரை நிறுத்த மாட்டாள்.

ஒஷாவாவில் பார்க்க முடியாதவர்கள், இளம் டிஃபென்ஸ்மேன்கள் ஜூனியர் முடிந்து வந்து சேரும் மார்லீஸ் என்ற லீஃப்ஸின் ஏ.எச்.எல். அணியைப் போய்ப் பாருங்கள். டொரோண்டோவின் எக்ஸிபிஷன் பிளேஸில் கோகோ-கோலா கொலிசியம். கோ (GO) புறநகர் ரயில் வாசலிலேயே இறக்கிவிடும். மார்லீஸ் முதல் பீரியடில் காக்கும் பக்கம் எது என்று பார்த்து அந்தக் கோலுக்குப் பின்னால் டிக்கெட் எடுங்கள். புதிதாக வந்த பையன் என்றால் முதல் மாதம் நோட்டை வெளியே எடுக்க வேண்டாம். எதிரில் வருபவர்கள் முப்பது வயது ஆண்கள், ஜூனியரில் கிடைத்த அந்த அரை விநாடி அங்கே கிடைக்காது, எல்லாரும் கொஞ்சம் தடுமாறுவார்கள். நவம்பரிலிருந்து கோடு போட ஆரம்பியுங்கள். முதல் பத்தியில் மூலையிலிருந்து வெளியே போன பாஸ்களை மட்டும் குறித்தால் போதும்.